தைக் கடலில் ஒரு தாழமுக்கம்

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் திரியும் மரநிழலூடாக மேலேறினால் சுவாமிமலையின் உச்சி வந்துவிடும். கோணேசப் பெருமானை வணங்கியபின், இராவணன் வெட்டின் ஓரமாக நின்று கீழே நோக்குபவருக்குத் தலை சுற்றும். 2023ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி மாலை நாம் அங்கு நின்றது தரிசனத்திற்காக மாத்திரமன்று, கடலைப் பார்ப்பதற்காகவுந்தான்.

கடலில் அப்படியென்ன இருந்தது என்று நேயர்கள் வினவலாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வங்கக் கடலிற் புயல் தோன்றுவது எமக்குப் புதிதன்று. 1964 மார்கழியிலும் 1978 கார்த்திகையிலும் கிழக்கிலங்கை பட்ட பாட்டை முதியோர் இன்றுங் கூறுவர். ஆனால் தை பிறந்தபின் மழை குறையும், வாடை தளரும். தைப்பூசம் அண்மிக்கும் நாட்களிற் புயலை எவர்தாம் நினைப்பார்? அவ்வாண்டோ, சனவரி 30ஆந் திகதி வங்கக் கடலின் தெற்கே ஒரு தாழமுக்கம் உருவாகி, இலங்கையை நோக்கி நகரத் தொடங்கிற்று.

புயலுக்கு உணவு கடலின் வெப்பம். மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26, 27 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும். எமது தீவைச் சூழ்ந்த கடல் தையிலும் அத்துணை வெப்பமாகவே இருக்கிறது. ஆயின் வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். கீழ்க்காற்று ஒரு திசையிலும் மேற்காற்று வேறொரு திசையிலும் வீசி, எழும் முகிற் கோபுரத்தைச் சாய்த்துவிடும். இவ்விரு காவலும் ஒருசேரத் தளரும்போதுதான் பருவந் தப்பிய புயல் பிறக்கிறது. அஃது அரிது, ஆனால் நிகழாததன்று. 1907 மார்ச்சு மாதத்தில் ஒரு புயல் கிழக்குக் கரையைத் தாக்கியது. 2022 மார்ச்சு முதல் வாரத்திலும் வங்கக் கடலில் ஓர் ஆழ்ந்த தாழமுக்கம் உண்டாயிற்று.

மலையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குச் சென்றோம். வயது முதிர்ந்த சம்மாட்டியார் ஒருவர் தமது வள்ளத்தை மேட்டுக்கு இழுப்பித்துக்கொண்டிருந்தார்.

“தை பிறந்தாக் கடல் அடங்கும் எண்டுதான் எங்கட அப்பு சொல்லுறவர், தம்பி. இதென்ன, அலை நீளம் நீளமா வருது” என்றார்.

“கடலுக்குப் போகாமல் எத்தனை நாள், ஐயா?”

“மூண்டு நாள். மண்ணெண்ணெய்க் கடன் அப்படியே கிடக்கு.”

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை அறிந்தவர்களுக்கு அவ்வொரு சொல்லின் பாரம் விளங்கும். பருவ காலத்து எச்சரிக்கையென்றால் மனம் இசைந்துவிடும். உழைக்கும் மாதத்தில் வருவதோ வயிற்றில் அடிப்பது. பின்னேரம் சில இளைஞர் புறப்பட ஆயத்தமானார்களாம். கிழவர் தடுத்துவிட்டார்.

காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், பூமியின் வட பாதியில் தாழமுக்கம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பது மாலுமிகள் அறிந்த பழைய விதி. நாமும் அவ்வாறு நின்று பார்த்தோம். காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. எமது இடக்கை தென்கிழக்கைக் காட்டிற்று. கிழவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார்.

இரவு தங்கிய நண்பர் வீட்டில் ஒரு பழைய பாரமானி உண்டு. வெப்ப வலயத்திலே வளியமுக்கம் நாளொன்றுக்கு இருமுறை ஏறியிறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உயரும். நான்கு மணிகளிலே தாழும். இந்த ஒழுங்கு குலைந்தால் ஐயுறவேண்டும். அன்றிரவு பத்து மணிக்கு முள் எழவில்லை. செய்மதிப் படங்கள் நாள் முழுதும் வந்துகொண்டிருக்கும் இக்காலத்திலும், அந்த அசையா முள்ளே எமது உறக்கத்தைக் கெடுத்தது.

அதிகாலையில் அது திருகோணமலைக்குத் தெற்கே கரையைக் கடந்தது. மணிக்கு 62 கிலோமீற்றர் வேகத்தை எட்டியிருந்தாற் புயலெனப் பெயர் பெற்றிருக்கும், எட்டவில்லை. பெயரின்றியே வந்து பெயரின்றியே போயிற்று. விடிந்ததும் கடற்கரையை எட்டிப் பார்த்தோம். வள்ளங்கள் பத்திரமாக இருந்தன.

மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் பயணமானோம். அறுவடைக்கு நின்ற பெரும்போக நெல் பல வயல்களிலே நீரிற் சாய்ந்து கிடந்தது. வரம்பொன்றில் நின்ற பெண்ணொருத்தி ஒரு கதிரை உருவி, மணியொன்றைப் பல்லிடையே வைத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.