முத்துவின் நகங்கள்

தாமிரபரணிப் படித்துறையில் நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கரையில் ஓடவிட்டு உலர்த்திப் பழகிய குடும்பம் எங்களுடையது. ஆகவே, பாளையங்கோட்டையில் நாய்களைக் குளிப்பாட்டி நகம் வெட்டுவதற்கென்றே ஒரு கடை இருப்பதாகப் பிள்ளைகள் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். எனினும், நகத்தினுள் இரத்தக்குழாய் ஓடுகிறது; தெரியாமல் வெட்டினால் குருதி கொட்டும். முன்பொரு நாய்க்கு அத்தீங்கை நாங்களே இழைத்திருந்தபடியால், நான்கு மாதக் குட்டியான முத்துவை அங்கே அழைத்துச் சென்றோம்.

முத்து இராஜபாளையம் இனம். 2005-இல் இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாயினங்களுள் ஒன்று. பால் நிறம், குட்டை முடி. பணியாளர் பின்புறமிருந்து அதன் காலைப் பற்றினார். மறுகணமே அது சீறித் திரும்பி அவருடைய சட்டைக் கையைக் கவ்விற்று. பல் தோலில் படாதது எங்கள் நற்காலம். “பொல்லாத குட்டி, யாருக்காவது கொடுத்துவிடுவோம்” என்று அன்றிரவே வீட்டில் பேச்சு எழுந்தது.

கொடுக்குமுன் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். மருத்துவர் அதன் முதுகுக்குப் பின்னே நின்று கைதட்டினார். முத்து திரும்பவில்லை. கிறிஸ்து பிறப்பு விழா இரவில் தெருவெல்லாம் வெடி அதிர, அது அயர்ந்து உறங்கியது அப்பொழுதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. அதை வீரமென்று அண்டை அயலாரிடம் பெருமை பேசியவர்கள் நாங்கள்! வெண்ணிறத்துக்குக் காரணமான நிறமிக் குறைவு உட்செவியையும் கெடுப்பதால், இவ்வினத்தில் பிறவிச் செவிடு அரிதன்றாம். காதும் கேளாமல், கண்ணிலும் படாமல் ஒரு கை வந்து பிடித்தால் அக்குட்டி வேறென்ன செய்யும்?

அதன்பின் கொடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாள்தோறும் உணவு வேளையில் அதன் முன்னே அமர்ந்து, கையைக் காட்டிய பிறகே பாதத்தைத் தொட்டோம். தொட்டதும் ஒரு துண்டு அவித்த முட்டை. பின்னர் விரல்களை விரித்தோம், காதின் உட்புறம் துடைத்தோம், நகவெட்டியை முகரவிட்டோம். உறங்கும்போது எழுப்ப வேண்டுமானால் தரையைக் காலால் தட்டினோம். அந்த அதிர்வு அதற்குப் போதும். கடைக்கும் இருமுறை எவ்வேலையுமின்றிக் கூட்டிச்சென்று, மேசைமீது நிறுத்தி, தின்பண்டம் கொடுத்துத் திரும்பினோம். அந்தப் பணியாளரும் பொறுமைசாலி. முத்துவின் கண்முன் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டாமல் இப்போது அவர் எதையும் தொடங்குவதில்லை. உலர்த்தும் கருவி வேண்டாமென்று விட்டோம். நெல்லை வெயிலுக்கு ஒரு துண்டே மிகுதி.

சென்ற சனிக்கிழமை முதன்முறையாக நகம் வெட்டினார். 18 நகங்களில் 11 முடிந்ததும் முத்து காலை இழுத்துக்கொண்டது. அவர் உடனே நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டார். மீதி 7 வரும் சனிக்கிழமைக்கு.