கடல் கடந்து வந்த குழம்பு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்

பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழருக்கு, இன்று மியான்மர் எனப்படும் பர்மா ஒரு காலத்தில் பொன் விளையும் பூமியாக விளங்கியது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே! 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற் போயின. தாயகம் திரும்பிய தமிழர் ஓர் இலட்சத்திற்கும் மேல்.

அவ்வாண்டு பன்னிரண்டு வயதுச் சிறுமியாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஒருவர், மந்தைவெளியில் எங்கள் வீட்டிற்கு மூன்றாவது வாசலில் வசிக்கிறார். நாங்கள் அவரை ஆயா என்றே அழைப்போம். சென்ற பொங்கல் விடுமுறையில் ஓர் இரவு என்னையும் என் தாயாரையும் சாப்பிட அழைத்தார்.

அன்று அவர் சமைத்தது மொய்ங்கா. மீனை வேகவைத்து முள் நீக்கி, எலுமிச்சைப் புல், இஞ்சி, பூண்டு சேர்த்து, கடலை மாவு கரைத்துக் கொதிக்கவைத்த குழம்பு. அதில் வட்டவட்டமாக நறுக்கிய வாழைத்தண்டு. அரிசிச் சேமியாவின் மேல் அதை ஊற்றி, அவித்த முட்டை வைத்து, எலுமிச்சை பிழிந்து தந்தார்.

"வாழைத்தண்டை நாங்க பொரியல்தானே செய்வோம்!" என்று வியந்தார் என் தாயார்.

"அங்கே காலைப் பலகாரமே இதுதாம்மா."

"உங்க சொந்த ஊர் எது ஆயா?" என்று கேட்டேன்.

"அங்கே எங்களைக் 'கலா'ன்னுவாங்க. இந்தியாக்காரன்னு அர்த்தம். இங்கே வந்தா பர்மாக்காரின்னாங்க. எதைச் சொந்த ஊருன்னு சொல்றது, கண்ணு?"

நான் பதில் பேசவில்லை. அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பர்மியப் பள்ளியில் படித்தவர் அவர். இங்கே வந்தபோது தமிழ் எழுத்துத் தெரியாததால் படிப்பு நின்றது. இன்றும் பர்மிய எழுத்தை வாசிப்பார். அவர் வீட்டில் வேறெவருக்கும் அது தெரியாது. மொய்ங்காவின் செய்முறையும் எங்கும் எழுதப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் மில்லி கணக்கில் அளந்து பழகிய நான் அளவு கேட்டேன். "கை அளவுதான்" என்று சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. கையெழுத்தே அறியாத என் தாயாரின் கைப்பக்குவமும் எந்த ஏட்டிலும் இல்லை.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்ததையெல்லாம் எழுதிவைக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுசெல்லுங்கள்.