நூற்றுக்கு 75

நார்ஃபோக், நெப்ராஸ்கா
5.5.2019

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டி வலி தேவலையா? போனில், "வெள்ளம் வந்தா அங்க விவசாயிக்கு எவ்வளவு குடுப்பான்?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. விலாவாரியாகச் சொல்ல வேண்டியது, அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 14 அன்று நயோப்ரரா ஆற்றில் ஸ்பென்சர் அணை உடைந்தது. 1927-இல் கட்டியது. மழையும் உருகிய பனியும் சேர்ந்து ஆறு பெருக, பனிப்பாளங்கள் வந்து மோதி அணையைத் தள்ளிவிட்டன. போன வாரம் மண் மாதிரி எடுக்க பாய்ட் கவுண்டியில் ஒரு பெரியவரின் பண்ணைக்குப் போனேன். ஆற்றோர வயலில் முழங்கால் உயரத்துக்கு வெறும் மணல். முள்கம்பி வேலி கம்பத்தோடு பிடுங்கிப்போய் ஒரு மரத்தடியில் சுருண்டு கிடக்கிறது. மாட்டை வெளியே விட வழியில்லை. தீவனத்தை விலைக்கு வாங்கிப் போடுகிறார்.

இதற்கென்றே அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று 1978-ஆம் வருஷச் சட்டப்படி இருக்கிறது. கஜா புயலுக்கு நமக்குத் தென்னை மரத்துக்கு 1,100 ரூபாய் என்று கணக்குப் போட்டார்களே, அந்த மாதிரி இல்லை. விழுந்த பயிருக்கு இதில் காசு கிடையாது. மணலை அள்ள, மேடுபள்ளம் நிரவ, வேலி போட ஆகும் செலவில் நூற்றுக்கு 75 வரை கொடுப்பார்கள். வசதி குறைந்தவர், புதிதாக விவசாயத்துக்கு வந்தவர் என்றால் 90 வரை. நிலத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் போகாது. விண்ணப்பத்தைப் பார்ப்பது அந்தக் கவுண்டி விவசாயிகளே ஓட்டுப் போட்டு வைத்த கமிட்டி. இது எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் வைத்தால் பங்காளிச் சண்டை கமிட்டிக்குள் வரும் என்பீர்கள், வரட்டுமே!

சிக்கல் வேறு இடத்தில். திட்டத்து ஆள் வந்து பார்த்து, சுற்றுச்சூழல் சோதனையும் முடிவதற்குள் மண்வெட்டியைப் போட்டால் பணம் கைவிட்டுப் போகலாம். வேலையை முடித்து ரசீது காட்டினால்தான் காசு. வேலிக்கு மட்டும் போன டிசம்பரில் வந்த விவசாயச் சட்டத்தில் 25 சதவீதம் வரை முன்பணம் வைத்திருக்கிறார்கள். ஆக, முதலில் 100 செலவழிக்கக் கையில் இருப்பவனுக்குத்தான் 75 வரும். மற்றவன் வட்டிக்கு வாங்க வேண்டியதுதான். அது போக, திட்டத்துக்கு வருஷா வருஷம் நிலையான ஒதுக்கீடும் இல்லை. பேரிடர் நிதி மசோதாவோ, போர்ட்டோ ரிக்கோவுக்கு எவ்வளவு என்ற தகராறில் வாஷிங்டனில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவரிடம் கேட்டேன், வேலிக்கு மனு போட்டாராம். மணல் வயலை இந்த வருஷம் தரிசாகப் போட்டுவிட்டார்.

நீங்களும் தென்னங்கன்றுக்கு மானியம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்த மாதக் கடைசியில் பணம் அனுப்புகிறேன், ஆடிக்குள் குழி எடுத்துவிடுங்கள். நெட்டையா குட்டையா என்பதை நீங்களும் சித்தியும் பேசி முடித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்