அருகிலிருக்கும் அக்கரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, தென்னந்தோப்புகளும் பலா மரங்களும் சூழ அமைந்த ஊர் கீரமங்கலம். இவ்வூரின் பெயரைச் சொன்னதும் சுற்றுவட்டாரத்தார் நினைவுக்கு வருவது மலர்ச் சந்தையே. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இத்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. மக்களோ மனந்தளராது மீண்டும் நட்டனர். கடலுக்கு அப்பால்தான் யாழ்ப்பாணம் இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர்.

இக்கோட்டை வானவழியில் கடக்க விரும்புவோர் முதலில் எதிர்த்திசையில் செல்ல வேண்டும். புதுக்கோட்டை வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் பயணம் செய்தால் திருச்சி விமான நிலையம் வரும். அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் 185 கிலோமீட்டர் அளவே. அக்கோடு கீரமங்கலத்துக்குச் சற்று வடக்கே சென்று, அதிராம்பட்டினத்தின் அருகே கடலைத் தொடுகிறது.

மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் சிறு விமானத்துக்கு இது அரை மணிக்கும் குறைந்த தொலைவன்றோ? ஆயினும் பயண அட்டவணை ஒரு மணி நேரம் அளவில் குறிக்கிறது. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்பது வரை அனைத்தும் கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்தல், மேலேறுதல், குறிக்கப்பட்ட வான்பாதையைப் பின்பற்றுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கே நேரத்தின் பெரும்பகுதி செலவாகிறது. தொலைவு குறையக் குறைய, பறப்பதைவிடப் புறப்படுவதும் சேர்வதுமே பெரிதாகின்றன.

இவ்வழி புதியதன்று. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்குப் பறந்தது. கடல்வழியில் போட் மெயில் இரயிலும் தலைமன்னார்க் கப்பலும் மக்களை இணைத்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அத்தொடர்பு தடைபட்டது. பின்னர்ப் போர் வானத்தையும் மூடியது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தும் நேரடிச் சேவை தொடங்கியது.

ஆனால், வழி திறந்ததனால் எல்லோரும் செல்ல இயலுமா? கீரமங்கலத்திலிருந்து சற்றுத் தொலைவில், அறந்தாங்கியை அடுத்த அழியாநிலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. 1983-க்குப் பின் உயிர் தப்பிப் படகேறி வந்த மக்களைத் தாங்கிய முகாம்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய முகாம்களில் முதியோர் தாயகத்தை நினைந்து வாழ்கின்றனர். இங்கேயே பிறந்த பிள்ளைகளோ அதனைக் கண்டதில்லை. தாய்நாடு திரும்ப விரும்புவோர்க்கும் பயணப் பத்திரம் வேண்டும். இந்திய அரசின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். அதற்காகக் காத்திருப்பதே அவர்களது நீண்ட பயணம்.

இக்கடலை நம்பிக்கையோடு கடந்த ஒருவரை நாம் அறிவோம். கோவாவைச் சேர்ந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், 1687-இல் தூத்துக்குடியில் படகேறி, மறைவேடத்தில் யாழ்ப்பாணம் அடைந்தார். டச்சுக்காரரின் அடக்குமுறையால் மேய்ப்பரின்றித் தவித்த மந்தையைத் தேடியே அவர் சென்றார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நாம் கடல் கடக்க வேண்டியதில்லை; பேருந்தில் சென்றாலே போதும். எகிப்துக்கு ஓடிப் பிழைத்த திருக்குடும்பத்தை வணங்கும் நம் குடும்பங்கள், அருகிலுள்ள முகாமுக்கு ஒருநாள் சென்று வரலாகாதா? விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவருக்கு எழுதிக் கொடுத்தாலும் அவரது பயணம் அந்த அளவுக்குக் குறுகும்.