மாடியிலே மோர்!

டில்லியில் வளருகிற தமிழ்க் குழந்தைக்குப் பகவான் ஒரு நாக்குப் போதாதென்று இரண்டாகக் கொடுத்துவிடுகிறார் என்று என் மாமியார் சொல்வதுண்டு. "ஒண்ணு நம்மாத்து நாக்கு, இன்னொண்ணு அடுத்தாத்து நாக்கு" என்பார்.

அடுத்த அகம் ஒரு பஞ்சாபிக் குடும்பம். ராமகிருஷ்ணபுரம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த மாமிக்கு இரண்டு பெண்கள். எங்கள் பையன் நடக்கக் கற்ற நாளிலிருந்து பாதிப் பொழுது அங்கேதான். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஹிந்தி. இது நாங்கள் திட்டம் போட்டுச் செய்த காரியமல்ல. எனக்கு ஹிந்தி சரியாக வராது; அந்த மாமிக்குத் தமிழ் அடியோடு வராது. அவ்வளவுதான் விஷயம்.

இதையே ஒரு விரதமாக நடத்தியவர்கள் உண்டு என்று பிற்பாடு படித்தேன். பிரான்ஸ் தேசத்தில் ழூல் ரோன்ழா என்று ஒரு பண்டிதர். அவருடைய மனைவி ஜெர்மன்காரி. குழந்தையிடம் அப்பா பிரெஞ்சிலும் அம்மா ஜெர்மனிலும்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டார்கள். பிள்ளை எப்படிப் பேசக் கற்றான் என்பதை அவர் 1913-ல் ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார். அமெரிக்காவில் வெர்னர் லியோபோல்ட் என்பவர் தம் பெண்ணின் பேச்சைக் குறித்துவைத்து, 1939-லிருந்து 1949-க்குள் நாலு பாகங்கள் வெளியிட்டார். என்னிடம் இருப்பது பால் கணக்கு நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். அதன் கடைசிப் பக்கங்களில் பையனுடைய திருவாய்மொழிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எருமைப்பால் அரை லிட்டருக்கும் இஸ்திரிக்காரன் பாக்கிக்கும் நடுவே அவை இருக்கின்றன.

பையன் ஹிந்தி கற்றது அந்த இரண்டு பெண்களிடம் அல்லவா? அதனால் வந்தது முதல் வேடிக்கை. தமிழில் 'போறேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ஹிந்தியில் அது நடக்காது. ஆண் 'ஜாதா ஹூன்' என்றால் பெண் 'ஜாதீ ஹூன்' என்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டுச் சிங்கம் 'மைன் ஜாதீ ஹூன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பும். தெருப் பையன்கள் கைகொட்டிச் சிரித்த பிறகுதான், ஹிந்தியில் ஆண், பெண் என்று ஒரு சமாசாரம் இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

தெரிந்ததும் சும்மா இருந்தானா? அதைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிட்டான். ஹிந்தியில் நாற்காலி பெண், கதவு ஆண், ஜன்னல் பெண், ரொட்டி பெண், ரயில் வண்டியும் பெண். ஒரு நாள் கூடத்தில் தடால் என்று சத்தம். "அம்மா, நாற்காலி விழுந்துட்டா!" என்று கத்தினான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாமியார் மட்டும் முகம் மாறாமல், "ஐயோ பாவம்! அடி பட்டுடுத்தா அவளுக்கு? தூக்கி உட்கார வைடா" என்றார்.

மாமியார் எங்களிடம் வந்தது 1973-ல். சுவாமிமலைப் பக்கத்துக்காரர். எங்கள் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதனுக்குக் கோயில் எழும்பி, அந்த வருஷம் கும்பாபிஷேகம். 'உத்தர சுவாமிமலை' என்று பெயரைக் கேட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்த அன்றே அடுத்தாத்துப் பெண்கள் ஓடிவந்து, "தாதீஜீ, தாதீஜீ" என்று காலைத் தொட்டார்கள். மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னடி இது, என்னைப் போய்த் தாதிங்கறதுகள்? நான் என்ன பிரசவம் பார்க்கவா வந்திருக்கேன்?" என்றார். ஹிந்தியில் தாதீ என்றால் அப்பாவின் அம்மா என்று விளக்கிச் சொன்னவன் பையன்தான்.

அன்றிலிருந்து அவன்தான் பாட்டிக்குத் துபாஷி. புதுச்சேரியில் துரைமார்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை வாய்த்த மாதிரி என்று இவர் கேலி செய்வார். பிள்ளையவர்கள் எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று அறிந்தவராக இருந்திருப்பார். நாலு வயதுத் துபாஷிக்கு அது தெரியுமா? ஒரு நாள் வாசலில் காய்கறி வண்டிக்காரன் கத்திரிக்காய்க்கு ஒரேயடியாக விலை சொன்னான். மாமியார் பேரம் பேசிப் பார்த்தார், அவன் மசியவில்லை. "கட்டையிலே போறவன்!" என்று தமக்குள் முணுமுணுத்தார். துபாஷி உடனே தன் கடமையைச் செய்தான். "தாதீ கஹ்தீ ஹை, தும் லக்கடீ மே ஜாவோகே!" அதாவது, 'நீ மரக்கட்டைக்குள்ளே போவாய் என்று பாட்டி சொல்கிறாள்.' வண்டிக்காரன் விழித்தான். பிறகு ஏதோ புரிந்தவன்போல, லக்கடி தன்னிடம் கிடையாது என்று சொல்லி, மாதாஜிக்கு விறகுக்கடை இருக்கும் திக்கைக் கையால் காட்டினான். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் கொத்துமல்லி கொஞ்சம் கொசுறு கொடுத்தான். அன்று ரசத்துக்கு அந்தக் கொத்துமல்லிதான்.

மோர் விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் என் மாமியாரின் ஆத்மா என்னை மன்னிக்காது. டில்லி வெயிலைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் வந்து, இரண்டு கிலோ மிளகாயைக் கீறி மோரில் ஊறவைத்து மொட்டைமாடியில் காயப் போட்டார். காவலுக்குப் பேரன். சிறிது நேரத்துக்கெல்லாம் மேலேயிருந்து ஒரு கூக்குரல்: "பாட்டி! மாடியிலே மோர்!"

"ஆமாண்டா, மோரிலேதானே ஊறப் போட்டிருக்கேன்" என்றார் கீழேயிருந்து.

"இல்லே பாட்டி! மோர் மிளகாயைத் திங்கறது!"

"யாருடா திங்கறது?"

"மோர்தான் திங்கறது! பெரிய மோர்! வால் கூட இருக்கு!"

மாமியார் முழங்கால் வலியை மறந்து படியேறிப் போனார். அங்கே சாட்சாத் முருகனுடைய வாகனம் நின்றுகொண்டு, பாதி மிளகாயைத் தீர்த்துவிட்டிருந்தது. ஹிந்தியில் மயிலுக்கு மோர் என்று பெயர். அந்த நாளில் எங்கள் பக்கத்துக் காட்டிலிருந்து மயில்கள் சர்வசாதாரணமாக வரும். 1963-ல் தேசியப் பறவை என்று பட்டம் வேறு கொடுத்தாகிவிட்டது; விரட்டவும் பயம். பறவைகளுக்குக் காரம் உறைக்காதாமே! மாமியாருக்கு அது தெரியாது. "மோரிலே ஊறினதோன்னோ, காரம் எடுபட்டுடுத்து" என்று தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்ச மிளகாய் அடுத்த வருஷம் வரை வந்தது.

ஹிந்துஸ்தானிக் கச்சேரியில் ஜனங்கள் "வாஹ்! வாஹ்!" என்று சொன்னதைக் கேட்டு, "எல்லாரும் வா, வான்னு கூப்பிடறாளே, அந்த மாமா ஏன் பாட்டை நிறுத்திட்டு வரமாட்டேங்கறார்?" என்று அவன் கேட்டதும் அந்த நோட்டில் இருக்கிறது.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது 'கல்' என்ற வார்த்தை. ஹிந்தியில் நேற்றைக்கும் 'கல்', நாளைக்கும் 'கல்'. முந்தாநாளும் நாளன்றைக்கும் இரண்டுமே 'பர்சோன்'. எது என்று வினைச்சொல்லைக் கொண்டு தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பையன் என்ன செய்தான் தெரியுமா? எங்கள் வீட்டில் தண்ணீர் என்போம், ஜலம் என்றும் சொல்வோம். அதேபோல நேற்று, நாளை என்பது ஒரே சாமானுக்கு இரண்டு பெயர் என்று தீர்மானித்துவிட்டான். "நாளைக்கு எனக்கு ஜுரம் வந்துதே" என்பான். "நேத்திக்கு என்னைக் குதுப்மினாருக்குக் கூட்டிண்டு போவியா?" என்று கேட்பான். இவர் ஒவ்வொரு தடவையும் உட்கார்த்திவைத்துத் திருத்துவார். மாமியாரோ இரண்டே வாரத்தில் பேரனுடைய காலக் கணக்குக்கு மாறிவிட்டார். "நேத்திக்குப் போலாண்டா கண்ணா. இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பார். அவர்களுக்குள் அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

நவராத்திரி ஆனதும் மாமியார் ஊருக்குக் கிளம்பினார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. அதன்பின் எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டி. துணைக்கு ஊர்க்காரர்கள் இருந்தார்கள். புதுடில்லி ஸ்டேஷனில் பையன், "பாட்டி, வண்டி வந்துட்டா!" என்று குதித்தான். பெட்டி படுக்கை ஏற்றியாயிற்று. மாமியார் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அவன் மோவாயைத் தொட்டார்.

"எப்போ பாட்டி திரும்பி வருவே?"

"நேத்திக்கே வந்துடறேண்டா, ராஜா."

மாசி மாதம் தந்தி வந்தது. இவர் அன்று சாயங்காலமே ரயிலேறிவிட்டார். பையனை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று யோசித்து, என்னை இருக்கச் சொல்லிவிட்டார். பாட்டி சுவாமிகிட்டே போயிட்டா என்று பையனுக்குச் சொன்னேன். எந்தச் சுவாமி, மலைமேலே இருக்கிற சுவாமியா என்று கேட்டான். ராத்திரி விளக்கை அணைத்து வெகுநேரம் ஆனபிறகு, இருட்டில் அவன் குரல் கேட்டது.

"அம்மா, பாட்டி நேத்திக்கு வரேன்னு சொன்னாளே. நேத்திக்கு எப்போ வரும்?"

நான் பதில் பேசவில்லை, பேசியிருந்தால் அழுதிருப்பேன். அவனே எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். சத்தம் கேட்டு அடுத்தாத்து மாமி கதவைத் தட்டினாள். ஒன்றும் கேட்காமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அவளிடம் அவன் ஹிந்தியில் என்ன கேட்டானோ, எனக்குத் தெரியாது. அவள் அவனைத் தட்டித் தட்டித் தூங்கப் பண்ணுவது சுவர் வழியாகக் கேட்டது.

"கல், பேட்டா... கல்."