சும்மா இருந்த மூன்று கிழமைகள்

"ஓடுறதுக்கு ஆரும் காசு கட்டுவினமே பிள்ளை?"

கொழும்பில் நடக்கும் மரதன் ஓட்டத்துக்குப் பெயர் பதிந்துவிட்டேன் என்று சொன்ன அன்று அம்மா கேட்ட முதற் கேள்வி இது. "தொண்ணூற்றைஞ்சிலை விடிய விடிய நடந்து சாவகச்சேரிக்குப் போனனாங்கள். அதுக்கு ஆருக்குக் காசு குடுத்தனாங்கள்?" என்றும் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பக்கம் அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்தவர்களுக்கு அது முழுப் பகிடியும் அல்ல. அப்போது எனக்கு 17 வயது.

எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் நடக்கும் வீதி ஓட்டத்தையும், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் ஓடுவதையும் 'மரதன்' என்றே சொல்வோம். அவை ஐந்தோ எட்டோ கிலோமீற்றர்தான் இருக்கும். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். அம்மாவின் கணக்கில் 26 கட்டை.

அந்தச் சின்ன மரதனுக்கே 14 வயதில் நான் பெயர் கொடுத்து, ஐயா மறித்துவிட்டார். "பெரிசான பிள்ளை றோட்டாலை ஓடுறதோ?" என்ற ஒரே வசனம்தான். ஐயா கெட்டவர் அல்ல. படிக்க வேண்டும், உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று எங்களைத் தூக்கி நிறுத்தியவர். ஓடுவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. உலகமும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று பிறகு வாசித்து அறிந்தேன். 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். அது பெண்களின் உடம்புக்கு ஆகாது என்று சொல்லி 1960 வரை அந்த ஓட்டத்தையே ஒலிம்பிக்கில் எடுத்துவிட்டார்கள். 1967இல் பொஸ்ரன் மரதனில் இலக்கம் குத்திக்கொண்டு ஓடிய கத்தரின் சுவிற்சரை, போட்டி அதிகாரி ஒருவர் வீதியில் வைத்தே பிடித்து இழுத்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல். அப்போது எனக்கு ஆறு வயது. மாவிட்டபுரத்தில் இருந்து சைக்கிளில் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்த என் ஐயா இதையெல்லாம் அறிந்திருக்க நியாயமில்லை.

நான் ஓடத் தொடங்கியது வீரத்தால் அல்ல. இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னார். கோயில் வீதியைச் சுற்றி நடந்தேன். நடை அலுத்தபோது கொஞ்சம் ஓடிப் பார்த்தேன். எங்கள் பாடசாலை உடற்கல்வி ஆசிரியை, என்னிலும் பதினைந்து வயது இளையவள், அதைக் கண்டுவிட்டாள். "அக்கா, மூச்சு வாங்காமல் கதைச்சுக்கொண்டு ஓடக்கூடிய வேகத்திலை ஓடுங்கோ. அதுக்கு மேலை வேண்டாம்" என்றாள். பயிற்சி என்று பார்த்தால் அதில் பாதி இந்த ஒரு வசனம்தான். ஐந்து கிலோமீற்றர் ஓட எனக்கு ஏழு மாதம் எடுத்தது. பத்துக்கு இன்னுமொரு வருடம்.

மரதனுக்கென்று எடுத்த பயிற்சி 18 கிழமைகள். கிழமைக்கு நான்கு நாள் ஓட்டம்: மூன்று நாள் குறைந்த தூரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம். நீண்ட தூரத்தைக் கிழமைக்கு இரண்டு கிலோமீற்றர் அளவில் கூட்டி, நாலாவது கிழமை ஒருக்காற் குறைத்து, பிறகும் கூட்டவேண்டும். விடியப்புறம் நாலரைக்கு வெளிக்கிடுவேன். பின்னால் இவர் மோட்டார் சைக்கிளை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வருவார், அரைவாசி நித்திரையில். நாய்களுக்காகவும்தான், நாய்களல்லாதவற்றுக்காகவும்தான்.

ஆனி தொடக்கம் ஆவணி வரை சோளகக் காற்று. பண்ணைப் பாலத்தால் போகும்போது அது ஆளைத் தூக்கி ஒரு பக்கம் வைக்கும். முதலிற் பஞ்சாபியோடுதான் ஓடினேன். தொடை உரஞ்சிப் புண்ணான பிறகு நீளக் காற்சட்டையும் நீள ரீசேட்டும். வசிலின் பூசவேண்டிய இடங்கள் எவை என்று ஒரு புத்தகமும் சொல்லித் தரவில்லை, உடம்புதான் சொல்லித் தந்தது. சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை ஒரு கால்விரல் நகத்தைக் கொடுத்துப் படித்தேன்.

பத்தாம் கிழமை கால்கள் ஈயமாகக் கனத்தன. படி ஏறவே களைப்பு. இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 10.1. பெண்களுக்கு 12இற்குக் குறைந்தால் இரத்தச்சோகை. இரும்புக் குளிசை தந்தார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதை விட்டதுதான். தேநீர் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் மறிக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தாற் போதும். முருங்கையிலையை வறுக்கும்போது தேசிக்காய் பிழியுங்கள். ஓடாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

வழியிற் சாப்பிட வெளிநாட்டில் பசைபோல ஒன்று விற்கிறார்கள். நான் பனங்கட்டியைச் சிறு துண்டாக உடைத்துத் துணியில் முடிந்துகொண்டு போனேன். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு துண்டு, இரண்டு மிடறு தண்ணீர். தண்ணீரையும் கண்டபாட்டுக்குக் குடிக்கக்கூடாது. அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் உப்பு ஐதாகி உயிருக்கே ஆபத்து வரும். ஜீவனி கரைத்த போத்தல் ஒன்று இவரிடம் இருக்கும்.

ஆகக்கூடிய தூரமான 30 கிலோமீற்றரைப் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன்னர் ஓடினேன். கொக்குவிலில் தொடங்கி இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறை வீதி வழியே போய்த் திரும்புவது. மாவிட்டபுரம் கோயிலடிக்கு வரும்போது நன்றாக விடிந்திருந்தது. 1990 ஆனியில் எங்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு அம்மா இறங்கிய வீதி அது. எதிர்த்திசையில் நடந்து போன வீதியால் இப்போது ஓடி வந்திருக்கிறேன். நின்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. நின்றால் கால் இறுகிவிடும் என்று நிற்கவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம். 30 ஓடி முடித்ததும், கடைசி மூன்று கிழமையும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்றாள் ஆசிரியை. ஆங்கிலத்தில் 'ரேப்பர்' என்று சொல்கிறார்கள், மெழுகுதிரி நுனிபோல ஒடுங்கி வருவது. கிழமைக்கு 50 ஓடியவள் 38, அதற்கடுத்த கிழமை 27, கடைசிக் கிழமை 10 மட்டும். வேகம் மறக்காமல் இருக்க இடையிடையே ஒரு நிமிட வேக ஓட்டம் சில. மற்றப்படி ஓய்வு. பயிற்சியின் பலன் உடம்பிற் சேர ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். ஆகவே கடைசி நேரத்தில் ஓடுவது களைப்பைக் கூட்டுமே தவிரப் பலத்தைக் கூட்டாது. தசைகளில் உள்ள நுண்ணிய காயங்கள் ஆறவும், குறைந்துபோன மாச்சத்து நிரம்பவும் காலம் கொடுக்கவேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் இரவு கண்விழித்துப் படிக்காதே என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதைத்தானே! "ஆக்கப் பொறுத்தவைக்கு ஆறப் பொறுக்கேலாதோ?" என்று அம்மா சுருக்கமாக முடித்தார். நாங்களும் அதற்கு 'ஆறப்போடுதல்' என்றே பெயர் வைத்துக்கொண்டோம்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. 18 கிழமையும் களைத்தபோது வராத பயம் ஓய்வெடுத்தபோது வந்தது. உள்ளதெல்லாம் கரைந்துபோகிறதுபோல ஒரு எண்ணம். முதற் கிழமை புதன்கிழமை, 'கொஞ்சம்தான்' என்று வெளிக்கிட்டுப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடிவிட்டேன். இவர் அதை ஆசிரியையிடம் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அவள் ஏசவில்லை. "அக்கா, அந்தப் பன்னிரண்டையும் 42இலை கழிப்பினமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

இரண்டாம் கிழமைதான் உண்மையான கரைச்சல். விடியப்புறம் நான் வீட்டில் நிற்கிறேன் என்று வீடு கண்டுபிடித்துவிட்டது. மகள் தலை பின்னிவிடக் கேட்டாள். இவருக்கு நாலு மாதமாகத் தானே போட்டுக் குடித்த தேநீர் திடீரென்று கசந்தது. அயலவர் ஒருவர் தையல் கொண்டுவந்து தந்தார். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஓடினால் 'அவ ஓடப் போட்டா' என்று விட்டுவிடுவார்கள். இருந்தால் 'சும்மாதானே இருக்கிறா'. சும்மா இருப்பதும் பயிற்சிதான் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தக் கிழமை வியாழக்கிழமை, போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில், ஐயாவின் ஆட்டைத் திவசம். திதியை மாற்ற முடியாது. லீவு எடுத்துக்கொண்டு விடிய ஐந்து மணிக்கு அடுப்படிக்குள் போனவள், பந்தி முடிந்து கிடாரம் கழுவிக் கவிழ்க்கும்போது பின்னேரம் நாலரை. குந்தியிருந்து தேங்காய் துருவி, வடை சுட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி, நின்ற நிலையில் பன்னிரண்டு மணித்தியாலம். 30 கிலோமீற்றர் ஓடிய அன்றுகூட நாலரை மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான் நின்றிருப்பேன்.

அடுத்தநாள் இரண்டாவது கிலோமீற்றரில் வலது கெண்டைக்காலின் உட்பக்கம் சுரீர் என்றது. நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்து படிக்கட்டில் இருந்து அழுதேன். 47 வயதுக்காரி, அதுவும் ஒரு ரீச்சர், முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். வைத்தியர் ஒருவரிடம் போனேன். காலைப் பார்க்க முதல், "இந்த வயதிலை உங்களுக்கு இது தேவையோ?" என்று கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆசிரியை எலும்பின் மேல் விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தாள். விரல் நுனியளவு ஒரே இடத்தில் குத்தினால், இரவிற் படுக்கையிலும் நொந்தால், எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம், அப்படியென்றால் ஓட்டமே இல்லை. எனக்கு நோ நீட்டுக்குப் பரந்து இருந்தது. அது தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும் என்றாள். இயன்மருத்துவரும் அதையே உறுதிப்படுத்தி, ஐந்து நாள் ஓடவேண்டாம் என்றார். ஞாயிறு ஓட இருந்த 13 கிலோமீற்றரும் அதோடு போயிற்று.

அன்று பின்னேரம் அம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "இனிப் போற நாள்மட்டும் நீ இஞ்சாலை வரக்கூடாது." 2023இல் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா தனது 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் போய் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றபோது, பத்திரிகையில் வந்த படத்தை அம்மா வெட்டிச் சுவாமி அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். நான் அதை அந்தக் கிழமைதான் கண்டேன்.

ஒன்பது நாளும் இருந்தேன். ஆறாம் நாள் ஐந்து கிலோமீற்றர் மெதுவாக ஓடினேன், கால் நோகவில்லை. பிறகு புதிது புதிதாக நோக்கள் வந்தன: இடது முழங்கால், குதிக்கால், தொண்டைக் கரகரப்பு. இவை எல்லாருக்கும் வரும், பெரும்பாலும் மனப்பிரமை என்றாள் ஆசிரியை. கடைசி மூன்று நாளும் சோறு, இடியப்பம், பாண் என்று மாப்பொருளைக் கூட்டவேண்டும். உடம்பிற் சேமிக்கக்கூடிய மாச்சத்து ஏறத்தாழ 2000 கலோரிதான். 58 கிலோ நிறையுள்ள எனக்கு 42 கிலோமீற்றருக்கு 2400 அளவில் வேண்டும். முப்பது கிலோமீற்றருக்குப் பிறகு பலர் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடுவது இதனால்தான். நிறை ஒன்றரைக் கிலோ ஏறியது. ஒரு கிராம் மாச்சத்தோடு மூன்று கிராம் தண்ணீரும் சேருமாம். "இவ்வளவு காலமும் சோத்தைக் குறை எண்டாய்" என்று அம்மா அகப்பையோடு நின்றார்.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஏறியபோது மாதவிலக்கும் வந்தது. இந்த வயதில் அந்தக் கணக்கும் பிழைக்கிறது. ஓடக்கூடாது என்று எந்த மருத்துவ விதியும் இல்லை. மாற்றுவதற்கு வேண்டியதை இடுப்புப் பையில் பனங்கட்டியோடு வைத்துக்கொண்டேன்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருட்டில் தொடங்கி, ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. 34இல் கால் கல்லாகி, கொஞ்சம் நடந்து கொஞ்சம் ஓடி, 5 மணித்தியாலம் 41 நிமிடத்தில் முடித்தேன். வலது கால் கடைசிவரை ஒரு சொல் பேசவில்லை.

திங்கள் விடிய வீட்டுக்கு வந்து, படிக்கட்டைப் பக்கவாட்டாக ஏறினேன். அம்மா பதக்கத்தைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் இருந்தார்.

"26 கட்டையும் ஓடினியோ?"

"ஓம். கொஞ்சம் நடந்தனான்."

தேய்த்துக்கொண்டே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாற வருசமும் ஓடுறதெண்டால் முந்தியே சொல்லிப்போடு. திவசத்துக்குச் சமைக்க நான் ஆளைப் பிடிக்கிறன்" என்றார்.