காவேரிப்பாக்கத்து ஏரி

ஆற்காட்டிலிருந்து காஞ்சிபுரத்தை நோக்கிக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் காவேரிப்பாக்கம் என்னும் பேரூர் உள்ளது. அவ்வூரை அடுத்து நெடுந்தொலைவு ஓடும் மண்மேடு ஒன்றைக் காணும் அயலார், அதனை ஒரு சிறு குன்றுத்தொடர் என்றே கருதுவர். அஃது இயற்கைக் குன்றன்று. மக்கள் கூடையில் மண் சுமந்து எழுப்பிய ஏரிக்கரை. ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அக்கரையின்மேல் ஏறி நின்றால், நிறைந்த காலத்தில் மறுகரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

செருமனி நாட்டின் தென்பகுதியில் அழகிய ஏரிகள் பல உள. அவற்றின் கரைகளில் தூய்மை மிக்க சிற்றூர்கள் விளங்குகின்றன. பண்டைக் காலத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து குடைந்த பள்ளங்களே அந்நாட்டு ஏரிகள். ஏரி முன்னே இருந்தது. ஊர் பின்னே வந்து அமர்ந்தது. தொண்டை நாட்டின் நிலையோ வேறு. பனிப்பாறை இங்கு ஏது? சரிந்து செல்லும் சமநிலத்தில், மழைக்காலத்து ஓரிரு திங்களில் ஓடி மறையும் நீரை மண்கரையால் தடுத்து நிறுத்தியவர் மக்களே. ஆதலின் இவ்வேரியைக் காக்கும் வேலை ஒரு தலைமுறையோடு முடிவதன்று.

பாக்கம் என்னும் சொல் நெய்தல் நிலத்து ஊரைக் குறிப்பது என்பர் இலக்கணம் வல்லார். இங்கோ கடல் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 4,000 ஏக்கர் பரப்பில் அலையெறியும் நீர்நிலையைக் கண்டோர், பெயர் பொருந்தாது என்று வழக்காட மாட்டார். காவிரி என்பதைக் கா விரி எனப் பிரித்துச் சோலை விரிந்த இடம் எனப் பொருள் கொள்ளினும் இவ்வூர்க்கு ஒவ்வும்.

கல்வெட்டுகள் இவ்வூரைப் படுவூர்க் கோட்டத்துக் காவிரிப்பாக்கமாகிய அவனிநாரணச் சதுர்வேதிமங்கலம் என வழங்குகின்றன. அவனிநாரணன் என்பது தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட அப்பல்லவ மன்னனே இவ்வேரியை அமைத்தான் என்பர். இவ்வூர்க்கு அண்மையில் உள்ள மகேந்திரவாடியிலும் ஓர் ஏரி உண்டு. அதனை இருநூறாண்டுகட்கு முன்னரே முதலாம் மகேந்திரவர்மன் தன் பெயரால் அமைத்தான். ஏரியை வெட்டுவித்தவன் மன்னனே எனினும், ஆண்டுதோறும் காத்தவர் ஊரார். உத்தரமேரூரில் உள்ள முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம் என ஒரு தனிக் குழுவையே குடவோலை வழியாகத் தேர்ந்தமையைக் கூறுகின்றன. தூர் எடுத்தலும், கரை உயர்த்தலும், மதகு காத்தலும் அக்காலத்தில் ஊராட்சியின் தலையாய கடமைகளாக இருந்தன.

பிற்கால வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் ஒரு போரால் இடம்பெற்றது. ஆற்காட்டுக் கோட்டை முற்றுகைக்கு மறு ஆண்டு, 1752 பிப்பிரவரித் திங்களில், கிளைவின் படை கிழக்கிலிருந்து இவ்வழியே வந்தது. இராசாசாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையினர் ஒரு மாந்தோப்பில் பீரங்கிகளை மறைத்து வைத்து, மாலை மயங்கும் வேளையில் சுட்டனர். தோப்பின் பின்புறம் காவலின்றித் திறந்து கிடந்ததை அறிந்த கிளைவு, அவ்வழியே ஒரு சிறு படையை அனுப்பிப் பீரங்கிகளைக் கைப்பற்றினான். ஓர் இரவில் முடிந்த அப்போரைப் பல நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயிரம் ஆண்டு மண் சுமந்தவரைப் பற்றியோ ஒரு வரிக்குமேல் எழுதுவார் அரியர்.

இவ்வேரியின் உயிர் பாலாற்றில் உள்ளது. வாலாசாப்பேட்டைக்கு அருகே 1858இல் கட்டி முடிக்கப்பெற்ற அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் ஒன்று நீரைக் கொணர்ந்து இதில் சேர்க்கிறது. முழுதும் நிறைந்தால் ஏறத்தாழ 147 கோடி கன அடி நீர் தேங்கும். ஆனால் பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாறு. கருநாடகத்து நந்தி மலைப்பக்கம் தோன்றி வரும் அதன் நீர் வழியிலேயே பல இடங்களில் தேக்கப்படுகின்றது. எஞ்சி வரும் ஆற்றின் கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் அமைந்தன. அத்தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. அதன் கழிவுநீரோ கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. இவ்வழக்கை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 1996 ஆகத்து 28இல், கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஏரியில் நீர் வருமா என்று மட்டும் முன்னோர் கவன்றனர். எத்தகைய நீர் வரும் என்றும் கவலவேண்டிய நிலை அவர்தம் பேரர்க்கு நேர்ந்தது.

2021 நவம்பரில் பாலாறு பெருகியது. அணைக்கட்டில் வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது, ஏரியும் நிறைந்தது. அத்தகைய நாளில் கலங்கல் வழியே மிகுநீர் வெண்ணுரையோடு வழிவதைக் காணச் சுற்றூரார் திரண்டு வருவர். வழிந்த நீர் வயல்வெளிகளைக் கடந்து கொற்றலையாற்றில் சேர்கிறது. 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கிச் சென்னை மாநகரத்தார்க்குக் குடிநீராகிறது. எஞ்சியது எண்ணூரில் கடலை அடைகிறது.